போட்டோ போதாது

வாலிகண்டபுரம் வாலீஸ்வரர் கோயிலில் 140 போட்டோ எடுத்தேன். விமானம் எப்படி அடுக்கியிருக்கு என்று நண்பன் கேட்டான். சொல்லத் தெரியலை.

கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஆடம் ஹார்டி இந்தியக் கோயில்களை வரைந்து வரைந்தே படித்தவர். சின்னக் கோயில் வடிவங்கள் சேர்ந்துதான் பெரிய விமானம் ஆகிறது என்று கோடு போட்டுக் காட்டினார். மத்தியப் பிரதேசம் போஜ்பூரில், முடியாமல் நின்ற 11ஆம் நூற்றாண்டுச் சிவன் கோயிலருகே சிற்பிகள் பாறையில் கீறிய வரைபடங்களைச் ‘சமராங்கண சூத்திரதார’த்தோடு வைத்து ஆராய்ந்து 2015இல் புத்தகமாக்கினார்.

நாமோ ‘முன்னோர்களின் எஞ்சினியரிங்’ என்று ஃபார்வர்டு அனுப்புகிறோம். அந்த முன்னோர்கள் வரைந்து பார்த்துத்தான் கட்டினார்கள், ஐயா! டாக்குமென்ட் இல்லாத பழைய புரோகிராமைத் தொட எனக்கே கை நடுங்கும். அளந்து வரையாத கோயிலில் திருப்பணிக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது இவ்வளவு தைரியம்? பெருமை அப்புறம். முதலில் டேப்பையும் பென்சிலையும் எடுங்க.