ஆகாயத்துக்கு வேலி போட முடியுமா?

கல்யாண வீட்டுக்கு இப்போது மேளக்காரர் வருவதற்கு முன்னால் டிரோன்காரர் வந்து விடுகிறார். நாலு விசிறி வைத்த அந்தச் சின்ன யந்திரம் கொய்ங் என்று மேலே ஏறுகிறது. மாப்பிள்ளை ஊர்வலத்தைக் காக்கை பார்ப்பது போலப் பார்த்துப் படம் பிடிக்கிறது. புதுச்சேரியில் இந்தத் தொழிலை நம்பிப் பிழைக்கும் வாலிபர்கள் உண்டு.

ஜனாதிபதியோ பிரதம மந்திரியோ ஊருக்கு வருகிறார் என்றால் இவர்கள் கையைக் கட்டிக் கொள்ள வேண்டியதுதான். "டிரோன் பறக்கக் கூடாது" என்று உத்தரவு வந்து விடும். அன்றைக்கு முகூர்த்தம் இருந்தால் கூலி போயிற்று.

"குண்டு போடுகிறவன் உத்தரவைப் படித்து விட்டா வரப் போகிறான், அண்ணே?" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார்.

நியாயமான கேள்வி. உலகத்தின் பெரிய தலைநகரங்களுக்கும் இதே கேள்வி இருக்கிறது.

டெல்லியில் ஜனாதிபதி மாளிகைக்கு மேலே விமானம் பறக்கக் கூடாது. நம் பக்கத்துக் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கு மேலேயும் தடை. பம்பாயில் பார்சிகள் இறந்தவர்களை வைக்கும் மௌன கோபுரத்துக்கு மேலேயும் தடை உண்டு. அது மரியாதைக்காகப் போட்ட தடை. அதை விட்டு விடுவோம். தலைநகரத்துக்குப் போடும் தடை பயத்தினால் போடுவது. அது பலிக்கிறதா?

மாஸ்கோவில் இறங்கிய பையன்

1987 மே 28-ந் தேதி. மேற்கு ஜெர்மனியைச் சேர்ந்த மத்தியாஸ் ருஸ்ட் என்ற பையன், ஹெல்சிங்கி நகரிலிருந்து ஒற்றை எஞ்சின் விமானத்தில் கிளம்பினான். வயது 18. நேராக மாஸ்கோவுக்குப் போய், கிரெம்ளின் மதில் ஓரத்தில் இறங்கி விட்டான்!

ருஷியாவின் ராடார் அவனைப் பார்த்தது. ஒரு சண்டை விமானம் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து விட்டும் போனது. யாரும் சுடவில்லை. ராணுவ மந்திரிக்கு வேலை போனதுதான் மிச்சம்.

ஏன் சுடவில்லை? நாலு வருஷத்துக்கு முன்னால், 1983-இல், வழி தவறி வந்த தென் கொரியப் பயணி விமானத்தை ருஷியர்கள் சுட்டு வீழ்த்தினார்கள். 269 பேர் மாண்டார்கள். உலகமே தூற்றியது. அதற்குப் பிறகு கை தயங்கத்தானே செய்யும்?

வாஷிங்டனில் வெள்ளை மாளிகைக்கு மேலே பறக்க வெகு காலமாகத் தடை. 1994-இல் ஒருவன் சிறு விமானத்தைத் திருடி வந்து அந்த மாளிகைத் தோட்டத்திலேயே விழுந்தான். 2001-இல் நடந்த பயங்கரத்துக்குப் பிறகு நகரைச் சுற்றி 55 கிலோமீட்டர் தூரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. அப்படியும் 2015-இல் ஒருவர், சைக்கிளுக்கு இறக்கை வைத்தது போன்ற ஒரு சிறு யந்திரத்தில் பறந்து வந்து பாராளுமன்றத்தின் முன்னால் இறங்கினார்.

கொழும்பு யுத்த காலத்தில் காவல் மிகுந்த நகரம். 2009 பிப்ரவரி 20 இரவு விடுதலைப் புலிகளின் இரண்டு சிறு விமானங்கள் வந்தன. நகரத்தில் விளக்குகளை அணைத்தார்கள். கீழே இருந்து பீரங்கிகள் வெடித்தன. அப்படியும் ஒரு விமானம் வருமான வரி இலாகா கட்டிடத்தில் மோதியது. மற்றது கட்டுநாயக்கா பக்கம் விழுந்தது.

அப்படியானால் தடை வெறும் காகிதமா? அவசரப்பட வேண்டாம்.

கடற்கரைச் சாலை சொல்லும் கணக்கு

நம் கடற்கரைச் சாலையைப் பாருங்கள். மாலை 6 மணிக்கு மேல் வண்டிகள் வரக் கூடாது. அந்தச் சாலையில் எட்டு மணிக்கு ஒரு கார் வந்தால் என்ன ஆகும்? போலீஸ்காரர் உடனே திரும்பிப் பார்ப்பார். அதே கார் நேரு வீதி நெரிசலில் போனால் யார் கவனிப்பார்கள்?

வானத்திலும் இதுதான் சூட்சுமம். தடை என்பது மதில் அல்ல. நல்லவர்களை விலக்கி வைத்து, வெற்றிடம் உண்டாக்குவது. அந்த இடத்தில் ஏதாவது தெரிந்தால் சந்தேகம் உடனே பிறக்கும்.

ஆனால் சந்தேகம் பிறந்த பிறகு எத்தனை நிமிஷம் கிடைக்கும்? மணிக்கு 180 கிலோமீட்டர் போகும் சிறு விமானம் 55 கிலோமீட்டரைக் கடக்க 18 நிமிஷம் ஆகும். கூப்பிட்டுப் பேசலாம், துரத்திப் போகலாம், மாளிகையைக் காலி செய்யலாம். 900 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஜெட் விமானத்துக்கு நாலு நிமிஷம் கூட ஆகாது. டிரோன் சங்கதி இன்னும் மோசம். 3 கிலோமீட்டர் வட்டம் போட்டால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் டிரோனுக்கு மூன்றே நிமிஷம். அது ராடாரில் சுலபமாகத் தெரிவதும் இல்லை. 2021 ஜூன் 27-ந் தேதி ஜம்மு விமானப் படைத் தளத்திலேயே டிரோன்கள் குண்டு போட்டு விட்டுப் போயின.

ஆகவே பார்க்கக் கண்ணும், தடுக்கக் கையும் இருக்கிற இடத்தில்தான் தடைக்குப் பொருள் உண்டு. அவை இல்லாமல் உத்தரவு மட்டும் போட்டால், அது கல்யாண வீட்டுத் தம்பியைத்தான் தடுக்கும்.

தடை இல்லாததால் வந்த கேட்டையும் சொல்ல வேண்டும். 2020 ஜனவரி 8-ந் தேதி, ஈரான் நாட்டுத் தலைநகரமான டெஹ்ரான். அமெரிக்கா தாக்கும் என்று வான் காவல் படை விழித்துக் கொண்டு நின்றது. ஆனால் வானத்தை மூடவில்லை. பயணி விமானங்கள் போய்க் கொண்டிருந்தன. அப்போது கிளம்பிய உக்ரேன் விமானத்தை எதிரி என்று நினைத்துச் சுட்டார்கள். 176 பேர் இறந்தார்கள். அந்த இரவில் வானத்தை மூடியிருந்தால் அத்தனை பேரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். 2021-இல் வந்த டிரோன் விதிகளின்படி போலீஸ் சூப்பிரண்டு அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி தற்காலிகத் தடை போடலாம். ஒரு தடவைக்கு 96 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வட்டமும் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கக் கூடாது என்று விதியே சொல்கிறது. 96 மணி என்றால் நாலு நாள். தையிலும் ஆவணியிலும் நாலு நாளில் எத்தனை கல்யாணம் நடக்கும்! பிரமுகர் வந்து போகும் நேரத்துக்கும், போகும் வழிக்கும் மட்டும் தடை போட்டு, சில நாள் முன்பாகவே தமிழில் அறிவித்தால் யார் குறை சொல்வார்கள்?

இதையெல்லாம் சொன்னதும் தம்பிக்கு உற்சாகம். இன்னொரு விதியையும் சொன்னேன். விமான நிலையத்தைச் சுற்றி 8 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் எந்த நாளிலும் டிரோன் விடக் கூடாது. லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து அளந்தால் புதுச்சேரி நகரமே அதற்குள் அடங்கி விடும்.

தம்பி என் முகத்தையே பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமை முத்தியால்பேட்டையில் கல்யாணம், அண்ணே. முன்பணம் வாங்கி விட்டேனே!" என்றார்.