தண்ணிதான் காரணம் என்று சொல்லக் கூடாது

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடும் எங்கள் சபைக்கு ஒரே ஒரு சட்டம்தான்: எதற்கும் தாமிரபரணித் தண்ணியைக் காரணமாகச் சொல்லக் கூடாது. நெல்லைச் சீமையிலிருந்து சென்னைக்குப் பிழைக்க வந்து இங்கேயே தலை நரைத்துப் போன கூட்டம் நாங்கள். ஊரைப் பற்றி ஆளுக்கொரு துணுக்கு சொல்ல வேண்டும். மற்றவர்கள் குடைவார்கள். தாக்குப்பிடிக்காத துணுக்கைச் சொன்னவர் அன்றைக்கு டீக்காசு கொடுக்க வேண்டும். இந்தச் சட்டம் மட்டும் இல்லையென்றால் ஆத்தூர் வெற்றிலைக்கும் பத்தமடைப் பாய்க்கும் எங்கள் வாய்க்கொழுப்புக்கும் ஆற்றுத் தண்ணியே காரணம் என்று சொல்லிவிட்டு அரை மணி நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பியிருப்போம்.

சட்டம் பிறந்தது அல்வாவால். அம்பாசமுத்திரத்துக்காரர் வழக்கம்போல, "அந்தத் தண்ணிய ஊத்தாம எங்க கிண்டினாலும் அந்த ருசி வராது" என்றார். தூத்துக்குடிக்காரர் குறுக்கு விசாரணையில் இறங்கினார். "கோதும நம்ம ஊரு வயல்லயா வெளையுது?" இல்லை. "இருட்டுக்கடைய ஆரம்பிச்சது யாரு?" வடக்கேயிருந்து வந்த ராஜபுத்திரக் குடும்பம். "அப்போ ஊருக்குன்னு மிச்சம் இருக்கது தண்ணி மட்டுந்தான வே? அதான் அதப் பிடிச்சித் தொங்குதீரு!" பதில் இல்லை. எனக்கும் அதுவே சரி என்று பட்டது. சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பாலைப் பிழிந்து, தெளியவைத்து, நெய் கக்கும்வரை கை ஓயாமல் கிண்டுகிற வேலை இருக்கிறதே, அதைப் பாராட்டாமல் ஆற்றைப் பாராட்டுவது கிண்டுகிறவருக்குச் செய்யும் அநியாயம்.

துணுக்குக்குக் காலாவதித் தேதியும் உண்டு. 'ஒரே மாவட்டத்தில் பிறந்து அதே மாவட்டத்தில் கடலில் கலக்கும் ஆறு' என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை இன்றும் மேடையில் முழங்குகிறார்கள். 1986 அக்டோபரில் தூத்துக்குடி தனி மாவட்டமானதோடு அந்தப் பெருமை போயிற்று. பொதிகையில் பிறந்து சுமார் 128 கி.மீ. ஓடி புன்னைக்காயலில் கடலைச் சேரும் ஆறு, இப்போது பிறப்பது ஒரு மாவட்டம், முடிவது வேறு மாவட்டம். மாநிலம் ஒன்றே என்று வேண்டுமானால் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

ஐந்திணையும் உள்ள ஒரே சீமை என்பது இன்னொன்று. பொதிகை குறிஞ்சி, ஆற்றங்கரை மருதம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, பாலைக்குத் தேரிக்காட்டைக் காட்டினார் உடன்குடிக்காரர். பாளையங்கோட்டை டீச்சர் விடவில்லை. ஓய்வு பெற்ற தமிழாசிரியை. "முல்லையும் குறிஞ்சியும் வறண்டாத்தான் பாலை. கடலோர மணல் எந்தக் கணக்குல பாலையாகும் அண்ணாச்சி?" அண்ணாச்சி டீக்காசை எடுத்து வைத்தார்.

ஆனால் தேரியைப் பற்றி அவர் அடுத்துச் சொன்னவை எந்தக் குடைச்சலையும் தாங்கும். சாத்தான்குளம், உடன்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் பரந்து கிடக்கிற செக்கச் செவேலென்ற மணல்மேடுகள் காற்று கட்டியவை. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட, வெறும் காற்று மட்டும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் பாய்கிறது. ஆடியில் தேரியில் நின்றால் கணுக்காலில் மணல் ஊசியாகக் குத்தும். நிறம், மணலின்மேல் படிந்த இரும்புத் துருவினுடையது. அந்த மண்ணில் அலட்டிக்கொள்ளாமல் நிற்பது பனை. பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி வருவார் பனையேறி. சுண்ணாம்பு இல்லாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கிய பதநீரை அகலமான பாத்திரத்தில் காய்ச்சி, கம்பிப் பதம் தாண்டியதும் சிரட்டைகளில் ஊற்றுவார்கள். கருப்பட்டி பாதி உருண்டையாக இருப்பது அதனால்தான். அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் சிரட்டையின் வரி கையில் தட்டுப்படும். கடைகளில் இப்போது வழவழவென்று, ஒரே அச்சில் வார்த்ததுபோல் வருவதை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

எங்கள் சட்டத்தை ஒரே ஒரு தடவை தளர்த்தியிருக்கிறோம். கொற்கை பாண்டியரின் முத்துத் துறைமுகம். இன்று கொற்கைக்குப் போனால் வாழைத்தோட்டந்தான் இருக்கிறது. கடலைப் பார்க்கப் பல கி.மீ. கிழக்கே போக வேண்டும். கடல் ஏன் போயிற்று? ஆறு அடித்துவந்த வண்டல் கரையை நகர்த்திக்கொண்டே போனது. துறைமுகமும் பின்னாலேயே நடந்தது. கொற்கைக்குப் பிறகு, மார்க்கோ போலோ எழுதி வைத்த காயல். அதுவும் தூர்ந்தது. அப்புறம் புன்னைக்காயல். அங்கேதான் 1586-இல் என்றீக்கே என்றீக்கஸ் பாதிரியாரின் 'அடியார் வரலாறு' தமிழ் எழுத்தில் அச்சேறியது. கடைசியில் தூத்துக்குடி. "இப்ப சொல்லுதேன், தண்ணிதான் காரணம்!" என்று எழுந்து நின்றார் அம்பாசமுத்திரத்துக்காரர். கை தட்டினோம்.

குலசேகரன்பட்டினம் ராக்கெட் தளத்தை உடன்குடிக்காரர் மாதம் ஒரு தடவையாவது இழுத்துவிடுவார். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியது எல்லாருக்கும் தெரியும். காரணம்தான் சுவாரசியம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குத் தெற்கே விடும் ராக்கெட், இலங்கைமேல் பறக்காமல் வளைந்து போக வேண்டியிருக்கிறது. அதில் எரிபொருள் வீணாகும், சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம். குலசையிலிருந்து நேர் தெற்கே வெறும் கடல். தசராவுக்கு வேஷம் கட்டுகிற ஊருக்கு இப்படி ஒரு யோகம்.

போன வாரச் சண்டை சொதி பற்றி. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சித் துவையலும் இல்லாவிட்டால் சம்பந்தி முகம் சுருங்கும். இலங்கையிலோ இடியாப்பத்துக்கு அன்றாடம் சொதிதான். வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி ஓட்டியதே தூத்துக்குடி–கொழும்பு வழியில்தானே. அந்த வழியில் ஆளும் சரக்கும் போய்வந்தபோது சமையலும் போய்வந்திருக்கும். யாரிடமிருந்து யார் கற்றார்கள் என்பதில் குரல் உயர்ந்தது. அங்கிருந்து வந்தது என்றார் தூத்துக்குடிக்காரர். இங்கிருந்து போனது என்றார் அம்பாசமுத்திரத்துக்காரர். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"காயெல்லாம் ரெண்டாம் பால்ல, மூணாம் பால்ல வெந்தாச்சு. முதப் பால ஊத்துன பெறகு எவ்வளவு நேரம் கொதிக்க விடணும்? ரெண்டு பேரும் சொல்லுங்க."

"அஞ்சு நிமிஷம்" என்றார் ஒருவர். "பத்தாவது வேணும்" என்றார் மற்றவர்.

"கொதிச்சா திரிஞ்சிரும். ரெண்டு பேரும் டீக்காசை எடுங்க அண்ணாச்சி."