துருப்பிடிக்கும் வண்டிகள்: சென்னையில் அகற்றுகிறார்கள், கும்மிடிப்பூண்டியில் யார் அகற்றுவது?

பத்து மணி நேரம். ஒரு வாகனத்தைப் பொது இடத்தில் அவ்வளவு நேரம் ஆளில்லாமல் விட்டுவிட்டால், சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி அதை இழுத்துச் செல்ல உத்தரவிடலாம் என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-வது பிரிவு. எரிந்துபோன, நொறுங்கிய, பாதி கழற்றப்பட்ட வண்டி போக்குவரத்துக்கு ஆபத்தாக நின்றால் பத்து மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். இழுத்துச் செல்லும் செலவும் உரிமையாளர் தலையில்தான்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், டயர் கழன்ற லாரியும், சீட் கிழிந்த ஸ்கூட்டரும், உள்ளே செடி முளைத்த வேனும் மாதக்கணக்கில், சில இடங்களில் வருஷக்கணக்கில், அதே இடத்தில் கிடக்கின்றன. ஏன்?

சென்னையில் என்ன நடக்கிறது?

பெருநகர சென்னை மாநகராட்சி தனது மண்டலங்களில் கேட்பாரற்றுக் கிடக்கும் வாகனங்களைக் கணக்கெடுக்கிறது. வண்டி மீது நோட்டீஸ் ஒட்டி, அவகாசம் கொடுத்து, போலீஸிடம் நம்பரைச் சரிபார்த்து, யாரும் வராவிட்டால் எடுத்துச் சென்று ஏலம் விடுகிறது. குறைகள் இருந்தாலும் அங்கே ஒரு வசதி உண்டு. பெரும்பாலான தெருக்களுக்கு ஒரே மாநகராட்சிதான் பொறுப்பு. புகாருக்கு 1913 என்று ஒரே எண். எல்லை சுமார் 426 சதுர கி.மீ. மணலி, மாதவரம், அம்பத்தூர், திருவொற்றியூர் எல்லாம் 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தவை. அதுவரை திருவள்ளூர் மாவட்ட உள்ளாட்சிகளாக இருந்த இந்தப் பகுதிகளுக்கும் இன்று அதே நடைமுறைதான்.

எல்லையைத் தாண்டினால் கதை மாறிவிடும். சென்னைப் பெருநகரத் திட்டப் பகுதியை 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 சதுர கி.மீ.யாக விரிவாக்கி 2022-ல் அரசாணை வந்தது. காகிதத்தில் நகரம் வடக்கே நீண்டுவிட்டது. ஆனால் சி.எம்.டி.ஏ. திட்டம் போடும் அமைப்பு. அது கிரேன் அனுப்பாது.

கும்மிடிப்பூண்டி சிக்கல்: இது யாரு ரோடு?

கும்மிடிப்பூண்டியில் ஒரு லாரி கைவிடப்பட்டுக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கேள்வி லாரி யாருடையது என்பது அல்ல. ரோடு யாருடையது என்பதுதான்.

சென்னை-கொல்கத்தா நெடுஞ்சாலை, அதாவது பழைய என்.எச். 5, இன்றைய என்.எச். 16 என்றால் தேசிய நெடுஞ்சாலை ஆணையம். சிப்காட் வளாகத்துக்குள் என்றால் சிப்காட். ஊருக்குள் என்றால் கும்மிடிப்பூண்டி பேரூராட்சி. கொஞ்சம் தள்ளிப் போனால் ஊராட்சி, இல்லாவிட்டால் மாநில நெடுஞ்சாலைத் துறை. எந்த ரோடாக இருந்தாலும் 127-வது பிரிவைப் பயன்படுத்த போலீஸ் வேண்டும். நூறு மீட்டர் தூரத்துக்குள் மூன்று அலுவலகங்களின் எல்லை வந்துவிடுவதால், 'அது எங்க லிமிட் இல்லைங்க' என்று சொல்வது சுலபமாகிவிடுகிறது. அப்படிச் சொல்பவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. பல நேரம் அது உண்மையும்கூட.

திருவள்ளூர் நகராட்சியில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. மாவட்டத் தலைநகர், ஊழியர்களும் அதிகம். ஆனால் அங்கேயும் சென்னை-திருப்பதி சாலை ஊரைத் தொட்டுத்தான் போகிறது. எல்லைப் பிரச்சினை முழுசாகத் தீர்வதில்லை.

எடுத்தாச்சு. அடுத்து எங்கே?

பெரும்பாலான விவாதங்கள் தவறவிடும் இடம் இதுதான். ரோட்டிலிருந்து இழுத்த வண்டி பொதுவாகப் போய்ச் சேரும் இடம் போலீஸ் ஸ்டேஷன். அங்கே ஏற்கெனவே இன்னொரு குவியல் காத்திருக்கிறது.

ஆந்திர எல்லையை ஒட்டிய பகுதி என்பதால் திருவள்ளூர் மாவட்டத்தில் இந்தக் குவியலுக்குத் தனி வரலாறு உண்டு. ரேஷன் அரிசி கடத்தல், கஞ்சா, மணல், மதுவிலக்கு வழக்குகள் எனப் பிடிபடும் வாகனங்கள் ஒருபக்கம். விபத்தில் சிக்கியவை இன்னொரு பக்கம். ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, ஏலம் விடும் வழியும் வேறு. மதுவிலக்கு வழக்கு வண்டிகளைப் பறிமுதல் செய்து ஏலம் விடுவது ஓரளவு பழகிப்போன நடைமுறை. மற்றவை வழக்கு முடியட்டும் என்று நிற்கின்றன.

இப்படி நிறுத்தி வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில், பறிமுதலான வாகனங்களை ஸ்டேஷனில் நீண்ட காலம் வைத்திருப்பதில் பயனில்லை, போட்டோ எடுத்து, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுங்கள், யாரும் கேட்காவிட்டால் ஏலம் விடுங்கள் என்றது தீர்ப்பு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 497-வது பிரிவு இதற்குக் கெடுவே வைத்திருக்கிறது. பொருள் நீதிமன்றத்துக்கு வந்த 14 நாளில் விவரப் பட்டியல், போட்டோ அல்லது வீடியோ, அதன்பின் 30 நாளில் முடிவு.

உரிமையாளரே தெரியாத வண்டிக்கு வேறு வழி. மாஜிஸ்திரேட் அறிவிப்பு வெளியிட வேண்டும். உரிமை கோர 6 மாதம் அவகாசம். அதாவது எல்லாம் சரியாக நடந்தால்கூட, இன்று இழுத்த வண்டி காயலான் கடைக்குப் போக அரை வருஷம் ஆகும். அதற்குள் மழை வந்துவிடும். திறந்து கிடக்கும் டயரில் தேங்கும் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை டெங்கு சீசனில் சுகாதாரத் துறை வீடு வீடாக வந்து சொல்கிறது. அரசு வளாகத்து டயர்களுக்கும் அது பொருந்தும்.

ஆக, திட்டத்தை விரிவாக்குவது என்றால் கூடுதல் கிரேன் வாங்குவது மட்டுமல்ல. தனி யார்டு, ஏலத்துக்கு மாவட்ட அளவில் ஒரே நடைமுறை, கோப்பை நகர்த்த ஓர் ஆள். இவை இல்லாமல் இழுத்தால், குப்பை ரோட்டிலிருந்து ஸ்டேஷன் வாசலுக்கு மாறும். அவ்வளவுதான்.

ஏன் விட்டுட்டுப் போறாங்க?

பைக், கார் என்றால் காரணம் நம் வரிமுறையிலேயே இருக்கிறது. சொந்த வாகனத்துக்கு ஆயுள் வரியை முதலிலேயே கட்டிவிடுகிறோம். பதிவு 15 வருஷத்துக்குச் செல்லும். ஐந்தாவது வருஷம் பைக்கை ஓரம் கட்டினால், அடுத்த பத்து வருஷம் ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து யாரும் தேடி வர மாட்டார்கள். வண்டி நிரந்தரமாகப் பயன்படாமல் போனால் 14 நாளில் தெரிவித்து ஆர்.சி. புக்கை ஒப்படைக்க வேண்டும் என்று 55-வது பிரிவு சொல்கிறது. அப்படிச் செய்தவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?

15 வருஷம் முடிந்ததும் கட்டணம் எகிறும். காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. பைக்குக்கு 300 ரூபாய் 1,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய கார் என்றால், 2025-ல் வந்த மாற்றத்தின்படி 10,000. பழைய வண்டியை ஒழிக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் 'புதுப்பிக்காமல் ஓரமா போட்டுடலாம்' என்ற முடிவுக்கும் இதுவே தள்ளுகிறது.

தொழிற்பேட்டையில் இன்னொரு காரணமும் உண்டு. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குத் திரும்பும் தொழிலாளி செகண்ட் ஹேண்டில் வாங்கிய பைக்கை விட்டுவிட்டுப் போவார். ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பெயரில் இருக்கும். லாரி என்றால் ஃபைனான்ஸ் பாக்கி, எஃப்.சி. முடிந்தது, வரி பாக்கி, அபராதம் என்று சேர்ந்து, மொத்தக் கடன் வண்டியின் இரும்பு விலையைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு அதைத் திரும்ப எடுக்க ஓனருக்கு எந்தக் காரணமும் இல்லை.

உலை பக்கத்திலேயே இருக்கிறது

வேடிக்கை என்னவென்றால், கும்மிடிப்பூண்டி இரும்புக் கழிவை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகளுக்குப் பெயர்போன இடம். வெளியூர்களிலிருந்து லோடு லோடாக ஸ்கிராப் வந்து இறங்குகிறது. அதே ஊர் ரோட்டோரத்தில் டன் கணக்கில் இரும்பு சும்மா கிடக்கிறது. நேராக உலையில் போட்டுவிட முடியாதா?

முடியாது, கூடாது. என்ஜின் ஆயில், பிரேக் ஆயில், ஈய பேட்டரி (திருடர்கள் விட்டுவைத்திருந்தால்), ஏ.சி. வாயு எல்லாவற்றையும் முதலில் பிரித்தெடுக்க வேண்டும். அதற்காகத்தான் 2021 செப்டம்பரில் மத்திய அரசு விதிகளை வெளியிட்டு, பதிவு பெற்ற வாகன அழிப்பு மையங்களைக் கொண்டுவந்தது. அரசு அமைப்புகள் ஏலம் விட்ட, பறிமுதல் செய்த, கைவிடப்பட்ட வாகனங்களையும் இந்த மையங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த விதிகளிலேயே இருக்கிறது. கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளாட்சிகள் அதன் வழியாக நுழையவில்லை என்பதே குறை.

உரிமையாளர் தானாகவே வண்டியைக் கொண்டுபோய் ஒப்படைத்தால் டெபாசிட் சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டிப் புது வண்டி வாங்கினால் சொந்த வாகனத்துக்கு 25%, வணிக வாகனத்துக்கு 15% வரை மாநிலங்கள் வரிச் சலுகை தர வழி உண்டு. புது வண்டி வாங்கும் எண்ணமே இல்லாதவருக்கு இதனால் பெரிய லாபமில்லை.

ஜப்பான் இதை வேறு மாதிரி யோசித்தது. டெஷிமா என்ற சிறு தீவில் நொறுக்கிய கார்களின் கழிவைச் சட்டவிரோதமாகக் கொட்டியது பெரிய சர்ச்சையான பிறகு, 2005-ல் வாகன மறுசுழற்சிச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. புது கார் வாங்கும்போதே அதை அழிக்கும் செலவையும் கட்டிவிட வேண்டும். கடைசி ஓனருக்குச் சுமை இல்லை, அதனால் ரோட்டில் விடத் தேவையும் இல்லை. இந்தியா பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது வைத்திருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் அமலில் உள்ள விதிகளின்படி, பழைய வாகனங்களில் பயன்படுத்திய எஃகில் 8 சதவீதத்துக்கு ஈடான மறுசுழற்சியை நிறுவனங்கள் காட்ட வேண்டும். 2035-36 முதல் அது 18 சதவீதம். நிறுவனங்களுக்கு அழிக்க வண்டி வேண்டும், ஊராட்சிக்கு வண்டி போக வேண்டும். இரண்டையும் மாவட்ட நிர்வாகம் சேர்த்துவைத்தால் யார்டுக்கான செலவில் ஒரு பகுதி தேறலாம்.

ஓட்டுநர் சொல்வதும் சரிதான்

ஒரு எச்சரிக்கை. சிப்காட் வாசலில் நிற்கும் எல்லா லாரியும் கைவிடப்பட்டது அல்ல. லோடுக்காக இரண்டு மூன்று நாள் காத்திருப்பது இந்தத் தொழிலில் சகஜம். பத்து மணி நேர விதியை எழுத்துக்கு எழுத்து பிடித்தால், சாப்பிடவும் குளிக்கவும் போன டிரைவரின் வண்டியைத்தான் முதலில் இழுப்பார்கள், ஏனென்றால் அதற்குத்தான் டயர் இருக்கிறது, இழுப்பதும் சுலபம். லாரி நிறுத்த இடம் கொடுக்காமல் இந்த நடவடிக்கையைத் தொடங்கினால் தப்பான ஆள்தான் மாட்டுவார்.

உங்கள் பெயரில் ஒரு பழைய வண்டி இருந்தால்?

விற்றாகிவிட்டது, நமக்கென்ன என்று இருக்க முடியாது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில், ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே சட்டப்படி உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வண்டி நான்கு கை மாறியிருந்தாலும் விபத்து இழப்பீடு முதல் பெயருக்கே வந்தது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும்; படிவம் 29, 30 போதும். லோன் முடிந்திருந்தால் படிவம் 35 கொடுத்து ஃபைனான்ஸ் பெயரை நீக்குவதும் உங்கள் வேலைதான், வங்கி தானாகச் செய்யும் என்று காத்திருக்க வேண்டாம்.

தெருவில் கிடக்கும் வண்டியைப் புகார் செய்ய, தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் என்றால் 1913. சிப்காட் உள்சாலை என்றால் அங்குள்ள திட்ட அலுவலகம். பேரூராட்சி, ஊராட்சி என்றால் செயல் அலுவலரிடமோ ஊராட்சிச் செயலரிடமோ எழுத்தில் கொடுத்து, ஒரு நகலைக் காவல் நிலையத்திலும் கொடுங்கள். நம்பர் பிளேட், இடம், எவ்வளவு நாளாக நிற்கிறது ஆகிய மூன்றும் அதில் இருக்கட்டும்.