பெட்டகம் திறந்துவிட்டது, படிப்பவர் எங்கே?

யாழ்ப்பாணத்தில் காணி உறுதி முடிக்கும் எவரும் தேசவழமைச் சட்டத்தைக் கடந்து செல்ல முடியாது. அதனை 1707இல் ஒல்லாந்த மொழியில் தொகுத்தவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி. எமது முதுசத்தின் விதியையே அந்நிய மொழியில் தேடும் நிலையில் வரலாறு எம்மை வைத்திருக்கிறது.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டது. அக்கம்பனியின் ஆவணங்களில் ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பக்கங்கள் ஹேக், கொழும்பு, சென்னை, ஜகார்த்தா, கேப்டவுண் நகரங்களில் எஞ்சியுள்ளன. 2003இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஹேக் ஆவணங்களிற் பல இலட்சம் பக்கங்கள் கணினியாற் படியெடுக்கப்பட்டு, எவரும் வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியனவாகிவிட்டன.

அவ்வாறாயின் ஆய்வுப் புலமைப்பரிசில்கள் இனி எதற்கு எனச் சிலர் வினவலாம். பார்ப்பது வேறு, படிப்பது வேறு. பதினேழாம் நூற்றாண்டின் ஒல்லாந்த மொழியையும் கையெழுத்தையும் கற்க ஆண்டுகள் வேண்டும். அக்காலத்தில் உண்பதற்கும் உறைவதற்கும் வழி வேண்டும். நாவாலியிற் பிறந்த பேராசிரியர் அரசரத்தினம் அவ்வாறு உழைத்தமையாலேயே 1958இல் இலங்கையின் ஒல்லாந்தர் ஆட்சி பற்றிய அவரது நூல் வெளிவந்தது. 2000களின் தொடக்கத்தில் லெய்டன் பல்கலைக்கழகம் ஆசிய, தென்னாபிரிக்க மாணவர்க்கு மொழிப் பயிற்சியும் உதவிப்பணமும் அளித்தது. அத்திட்டத்தின் வழியே நிர்மல் ரஞ்சித் தேவசிறி மேற்கிலங்கை விவசாயிகளின் வரலாற்றை எழுதினார். 2008இல் அது நூலாயிற்று. வடபகுதி உழவரின் வரலாறும் அவ்வாறு எழுதப்பட வேண்டாமா?

இத்தகைய உதவிகள் பெரும்பாலும் ஒரு பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர்க்கே எட்டுகின்றன. விரிவுரை மண்டபத்தை விட்டு இடம்பெயர்ந்த எமக்கும் அந்த அனுபவம் உண்டு. ‘நீர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்?’ என்ற வினாவுக்கு எழுத எதுவுமின்றி, நிரப்பிய விண்ணப்பத்தை மடித்து வைத்தோம். ஆபத்திலுள்ள கல்விமான்களுக்கு 1933 முதல் இலண்டனில் ஓர் அமைப்பு உதவிவருகிறது. அது உயிர்காக்கும் பணி, போற்றுதற்குரியது. ஆனால் உயிர் தப்பிப் பல்லாண்டு கழிந்த பின்னரும் ஆய்வு தப்பவில்லை என்பதே அகதியின் நிலை.

எனினும் முழுப் பழியையும் பிறர்மேற் சுமத்திவிட நாம் ஒருப்படோம். நெதர்லாந்திற் பிறந்து வளர்ந்த எம் பிள்ளைகளுக்கு அம்மொழி இயல்பாகவே வருகிறது. வீட்டிலே தமிழும் இருக்கிறது. அரசரத்தினம் அரிதின் முயன்று பெற்றதை அவர்கள் விளையாட்டிலே பெற்றுவிட்டனர். ஆயினும் வரலாறு கற்க விரும்பும் பிள்ளையை ‘அதைப் படித்து என்ன செய்வாய்?’ என்று கேட்டு மருத்துவத்துக்கும் கணக்கியலுக்கும் திருப்பிவிடுகிறோம்.

எம்மவர் கோயில்கள் எழுப்பினர். விளையாட்டு விழாக்கள் நடத்துகின்றனர். அச்செலவில் ஒரு சிறு பங்கு, ஆண்டுக்கு ஒரு மாணவரைச் சுவடிக்கூடத்துக்கு அனுப்பப் போதாதா? நிறுவனக் கடிதம் கேளாது, ஆற்றலை மட்டும் கேட்கும் ஒரு புலமைப்பரிசிலை நாமே நிறுவலாம்.

1981இல் எரிக்கப்பட்ட யாழ் நூலகத்துக்காக ஆண்டுதோறும் கண்ணீர் சிந்துகிறோம். எரியாமல் எஞ்சியவற்றைப் படிக்க எவரையும் அனுப்பாவிடின், அக்கண்ணீரை நாளைய தலைமுறை நம்பாது.