குணமாகாதவர்களின் சாட்சி

டிசம்பர் 31 இரவு ஆராதனையில், கம்பம் பள்ளத்தாக்கின் சபைகள் பலவற்றில் சாட்சிக்கென்று ஒரு வேளை உண்டு. பாட்டும் ஜெபமும் முடிந்ததும் போதகர் மைக்கைச் சபையாரிடம் கொடுத்துவிடுவார். கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வரும் பெண் எழுந்து, "இந்த வருஷம் கர்த்தர் எங்க குடும்பத்துக்குப் பெரிய காரியம் செஞ்சாரு" என்று ஆரம்பிப்பார். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது, அடமானம் வைத்த நகை திரும்பியது, மாமியாருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, கேட்பவர்கள் "ஸ்தோத்திரம்" என்பார்கள். மேடை ஏறிப் பேசியே பழக்கமில்லாதவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தங்கள் வார்த்தையில் சொல்லக் கிடைக்கும் அரிய இடம் அது. பிரசங்கத்தை மறந்துபோனவர்கள்கூட இந்தச் சாட்சிகளை ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அந்த வேளையில் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. பல ஆண்டுகள் ஜெபித்தும் குழந்தை பிறக்காதவர்கள், கணவனின் குடி நிற்காதவர்கள், உபவாசமிருந்தும் பிள்ளையை நோய்க்குக் கொடுத்தவர்கள். சொல்வதற்குத் தங்களிடம் ஒன்றுமில்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். சபையும் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறது. ஆனால் பக்கத்தில் துவண்டிருப்பவரைத் தாங்கக்கூடிய சாட்சி பல சமயம் அவர்களிடம்தான் இருக்கிறது.

கடவுள் செய்ததை ஊரறியச் சொல்வது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சித்திரை மாதம் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலுக்கு அக்கினிச் சட்டியும் ஆயிரங்கண் பானையும் எடுத்து வருகிறவர்கள், நோய் தீர்ந்ததையும் நேர்ந்துகொண்டதையும் தங்கள் நடையாலேயே அறிவிக்கிறார்கள். கத்தோலிக்கர்கள் திரளாக வாழும் இராயப்பன்பட்டியிலும் அனுமந்தன்பட்டியிலும் நன்றித் திருப்பலியும் நவநாளும் அதே வேலையைச் செய்கின்றன.  

சீர்திருத்தச் சபைகளின் சாட்சிப் பழக்கம் வேறு வழியாகவும் வந்தது. போஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு ஆள் அனுப்பியது. பின்னாளில் பெரியகுளம் அதன் நிலையங்களில் ஒன்றானது. அந்த மிஷனரிகளின் மூதாதையர் 1630-களில் மாசசூசெட்ஸில் அமைத்த சபைகளில் உறுப்பினராகச் சேர விரும்பும் ஒருவர், கடவுள் தன் வாழ்க்கையில் செய்ததைத் தன் வாயால் எடுத்துச் சொல்ல வேண்டும். தாமஸ் ஷெப்பர்டு என்ற போதகர் அப்படிச் சொல்லப்பட்டவற்றை எழுதி வைத்தார். அந்தக் குறிப்புகளில் வீட்டு வேலைக்காரப் பெண்களின் குரலும் பதிவாகியிருக்கிறது. பலர் தங்கள் சந்தேகத்தையும் பயத்தையும் மறைக்காமல் சொன்னார்கள்.

அந்த மரபிலிருந்து மதுரைக்கு வந்தவர்கள் வெற்றிக் கதைகளை மட்டும் சுமந்து வரவில்லை. தொடக்க ஆண்டுகளிலேயே நோய் அவர்களில் பலரைக் கொண்டுபோனது. உயிர் தப்ப ஒரு குளிர்ந்த இடம் தேடி மலை ஏறியவர்கள் 1845-இல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். ஜெபித்துக்கொண்டே தங்கள் மனைவியரையும் குழந்தைகளையும் புதைத்தவர்கள் கொண்டுவந்த விசுவாசம் இது. இன்று சாட்சி வேளையில் நல்லபடியாக முடிந்த கதைகளுக்கு மட்டும் இடம் கொடுத்தால், வேரில் இருந்த ஒன்றை வெட்டிவிடுகிறோம்.

வேதாகமம் இந்த விஷயத்தில் மிகவும் நேர்மையானது. எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் 11-ஆம் அதிகாரம் விசுவாச வீரர்களின் பட்டியல். சிங்கத்தின் வாய்க்குத் தப்பியவர்கள், நெருப்பில் வேகாதவர்கள், இறந்தவர்களை உயிரோடு திரும்பப் பெற்ற பெண்கள் என்று ஏறிக்கொண்டே போகும் பட்டியல், 35-ஆம் வசனத்தின் நடுவில் சட்டென்று திசை மாறுகிறது. அங்கிருந்து வருகிறவர்கள் தப்பவில்லை. அடிபட்டார்கள், கல்லெறியப்பட்டார்கள், வாளால் அறுக்கப்பட்டார்கள், குகைகளில் அலைந்தார்கள். தப்பியவர்களின் விசுவாசம் பெரிது, தப்பாதவர்களின் விசுவாசம் குறைவு என்று அந்த அதிகாரம் எங்கும் பிரித்துப் பேசவில்லை. நம் சாட்சி மேடைகளில் அந்த அதிகாரத்தின் முதல் பாதி மட்டுமே பேசப்படுகிறது.

தமிழ்க் கிறிஸ்தவத்தின் மிகப் பெரிய சாட்சிகளில் ஒன்று இரண்டாவது பாதியிலிருந்துதான் தொடங்கியது. நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்டப் பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை அலுவலர். குடும்பத்தில் இழப்புக்கு மேல் இழப்பு வந்து மனமுடைந்திருந்த அவரிடம் பேசியவர் டி லனாய். 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்த டச்சு அதிகாரி. அவர் சொன்னது யோபுவின் கதை. ஆடு மாடுகளையும் பிள்ளைகளையும் உடல் நலத்தையும் இழந்து, ஏன் என்ற கேள்வியோடு சாம்பலில் உட்கார்ந்திருந்தவனின் கதை. தோற்றவர் ஒருவர், இழந்தவர் ஒருவரிடம், எல்லாம் இழந்த இன்னொருவரைப் பற்றிச் சொன்னார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று நீலகண்டப் பிள்ளை தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

பண்டித ரமாபாயையும் இங்கே நினைக்க வேண்டும். 1870-களின் பஞ்சத்தில் தாய், தந்தை, அக்கா மூவரையும் சில மாதங்களுக்குள் இழந்தவர். 1880-இல் அண்ணனும் 1882-இல் கணவரும் போனார்கள். 1883-இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1907-இல் தன் சாட்சியை நூலாக எழுதியபோது, பசியோடு அலைந்த நாட்களை அவர் சுருக்கவில்லை. ஞானஸ்நானம் பெற்ற பிறகும் பல ஆண்டுகள் மனதுக்குள் அமைதி கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்ததையும் அவர் ஒளிக்கவில்லை. நம் சபைகளில் எத்தனை பேர் ஞானஸ்நானத்துக்குப் பின் வந்த வறண்ட ஆண்டுகளைத் துணிந்து சொல்வார்கள்?

அடுத்த எடுத்துக்காட்டு திருநெல்வேலிப் பக்கம். டோனாவூரில் குழந்தைகளுக்கென்று பெரிய இல்லம் நடத்திய ஏமி கார்மைக்கேல், 1931-இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து அடிபட்டார். எவ்வளவோ பேர் ஜெபித்தும் உடல் தேறவில்லை. 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலேயே இருந்தார். நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் புத்தகங்கள் வலியில் கிடப்பவருக்கு உதவுவதில்லை என்று அவர் உணர்ந்தார். ஆகவே நோயாளியாகவே நோயாளிகளுக்குக் கடிதங்கள் எழுதினார். அவை 1933-இல் புத்தகமாக வந்தன. அவரிடம் சொல்வதற்கு அற்புத சுகம் எதுவும் இல்லை. வலி தீராத நாளிலும் கடவுள் கூட இருந்தார் என்று சொல்ல இருந்தது. படுக்கையில் கிடந்த பலருக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

இப்படிச் சொல்வதால் குணமானவர்களின் சாட்சிக்கு மதிப்புக் குறையாது. குணமானவர் நிச்சயம் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு எத்தனையோ வீடுகளில் ஜெபம் மறுபடி தொடங்கியிருக்கிறது. சொல்லும்போது உண்மையின் எல்லைக்குள் நிற்க வேண்டும், அவ்வளவே. இயேசு தான் குணமாக்கிய குஷ்டரோகியை ஆசாரியனிடம் போய்க் காட்டச் சொன்னார். சுகமானதைச் சோதித்து உறுதிசெய்யும் பொறுப்பு அன்று ஆசாரியனுக்கு இருந்தது. இன்று அந்தப் பொறுப்பு க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை டாக்டருக்கு இருக்கிறது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் காசநோய்க்கும் மாத்திரையை நிறுத்திவிட்டதை விசுவாசத்தின் அடையாளமாக யாராவது மைக்கில் சொன்னால், போதகர் அன்பாக அங்கேயே திருத்த வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கும் நாற்பது பேரில் ஒருவர் மறுநாள் காலை மாத்திரையைத் தூக்கி எறியக்கூடும்.

இன்னும் இரண்டு காரியங்களில் கவனம் வேண்டும். மகளின் நோயையோ கணவனின் வீழ்ச்சியையோ அவர்களைக் கேட்காமல் சபையில் சொல்லக் கூடாது. அது அவர்களுடைய கதை. அடுத்து, ஒலிபெருக்கியில் போகும் சாட்சி தெருவில் உள்ள எல்லா வீட்டுக்கும் கேட்கிறது. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் அடுத்தடுத்த கதவுகளில் வாழ்கிறார்கள். தன் கடவுள் செய்த நன்மையைச் சொல்ல, பக்கத்து வீட்டாரின் சாமியை இழிவாகப் பேசத் தேவையில்லை. கெரசேனர் நாட்டில் பேய் நீங்கிய மனிதனிடம் இயேசு சொன்னதும், "வீட்டுக்குப் போய், உனக்குக் கிடைத்த இரக்கத்தை உன் சொந்த ஜனங்களுக்குச் சொல்" என்பதுதான். அவனுடைய பழைய நிலையை நேரில் பார்த்தவர்கள் அவர்கள். அவர்களிடம் கூட்டிச் சொல்ல முடியாது.

காத்திருப்பவர்களின் சாட்சிக்கு இடம் கொடுக்கப் பெரிய கூட்டம் ஏற்றதல்ல. லெந்து நாட்களில் வீடு வீடாக நடக்கும் ஜெபக்கூட்டம்தான் சரியான இடம். பத்துப் பதினைந்து பேர், தரையில் பாய், தெரிந்த முகங்கள். அங்கே போதகர் முன்கூட்டியே ஒருவரிடம் பேசி, அவர் சம்மதித்தால், இன்னும் பதில் வராத ஜெபத்தோடு எப்படி நாட்களைக் கடக்கிறார் என்று சொல்லச் சொல்லலாம். கேட்பவர்கள் அதற்கு விளக்கம் சொல்லக் கூடாது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தவரை அவனுக்குத் துணையாக இருந்தார்கள். காரணம் கண்டுபிடித்துச் சொல்லத் தொடங்கிய பிறகுதான் அவனை நோகடித்தார்கள்.

கேட்டு முடித்ததும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்த வீட்டுக்கு என்ன தேவை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளச் சபையில் ஒருவரை நியமிக்க வேண்டும். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது யார், தாய் தோட்டத்துக்குப் போகும் நேரத்தில் படுக்கையில் இருக்கும் பிள்ளைக்குச் சோறு கொடுப்பது யார், அடுத்த மாத மருந்துச் செலவுக்கு எவ்வளவு வேண்டும் என்பதையெல்லாம் அன்றைக்கே முடிவுசெய்து, அடுத்த கூட்டத்தில் அது நடந்ததா என்று கேட்க வேண்டும்.