மாத மாத்திரைக்கும் பாதுகாப்பு வேண்டும்

முதியோரின் மருத்துவச் செலவு குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

ஓய்வூதியர்களும், ஓய்வூதியமே இல்லாத முதியவர்களும் சேர்ந்து நடத்தும் மூத்த குடிமக்கள் சங்கம் எங்களுடையது. ஏறிக்கொண்டே போகும் மருத்துவச் செலவு குறித்து உறுப்பினர்களிடையே விவாதித்து எடுத்த முடிவை மத்திய, மாநில அரசுகள், காப்பீட்டு நிறுவனங்கள், மருத்துவமனைகள், பொதுமக்கள் ஆகியோரின் முன் வைக்கிறோம்.

எங்கள் நிலைப்பாட்டின் சாரம் இது: முதியவர்களுக்கென்று இருக்கும் காப்பீட்டுப் பாதுகாப்பு ஆஸ்பத்திரிப் படுக்கையில் சேர்ந்தால்தான் கிடைக்கிறது. எங்களில் பெரும்பாலோரின் கையைக் கடிப்பதோ மாதம் தவறாமல் வரும் மாத்திரை, பரிசோதனை, போக்குவரத்துச் செலவு. பாதுகாப்பு இந்தச் செலவுக்கும் நீள வேண்டும்.

நிலைமை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழுவின் கணிப்பில் இது 2021-இல் 13.6 சதவீதம், 2031-இல் 18.2 சதவீதமாகும். கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் விகிதம் அதிகமுள்ள பெரிய மாநிலம் நம்முடையது. வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ பிள்ளைகள். அவர்களும் வேலைக்காக வெளியூரில். மருந்து வாங்கப் போவதும் அதற்குக் காசு தேடுவதும் பல வீடுகளில் முதியவர்களின் பொறுப்பாகவே இருக்கிறது.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன், கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின், வயிற்றெரிச்சலுக்கு ஒன்று, மூட்டுவலிக்கு ஒன்று. எழுபது வயதுக்காரரின் மருந்துச் சீட்டு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை, ஆண்டுக்கொரு முறை கண் பரிசோதனை, ஒவ்வொரு முறையும் ஆட்டோ. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய தொகையில்லை. ஆனால் ஆயுள் முழுக்கச் செய்தாக வேண்டிய செலவு இது.

மாதக் கடைசியில் எந்த மருந்துக் கடையிலும் இதைப் பார்க்கலாம். முப்பது நாளுக்கு எழுதிய சீட்டை நீட்டி, “இப்போதைக்குப் பத்து நாளுக்கு மட்டும் குடுப்பா” என்கிறார் ஒரு பெரியவர். கடைப்பையன் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுக்கிறான். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் அச்சிட்ட பக்கம் சில நேரம் கடையிலேயே தங்கிவிடுகிறது. வீட்டுக்குப் போனவர் இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்கி, பத்து நாள் மருந்தை இருபது நாளுக்கு இழுக்கிறார். இப்படி விட்டுவிட்டுப் போட்ட மாத்திரைதான் பக்கவாதமாகவும் சிறுநீரகச் செயலிழப்பாகவும் வந்து நிற்கிறது. அப்போது காப்பீடு லட்சக்கணக்கில் செலவழிக்க முன்வருகிறது. அதில் சிறு பங்கை முன்பே மாத்திரைக்குக் கொடுத்திருந்தால் அவர் நடமாடிக்கொண்டிருப்பார்.

வருமானப் பக்கத்தையும் பாருங்கள். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. நாளொன்றுக்கு 40 ரூபாய். இதற்கு மத்திய அரசு தரும் பங்கு, 60 முதல் 79 வயது வரையுள்ளவர்களுக்கு 2007-இல் இருந்த அதே 200 ரூபாய். தொழிலாளர் வருங்கால வைப்புநிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014-இல் நிர்ணயித்த 1,000 ரூபாயில் நிற்கிறது. மருந்து விலை நிற்கவில்லை. அத்தியாவசிய மருந்துகளின் விலையை 2022-இல் 10.77 சதவீதமும் 2023-இல் 12.12 சதவீதமும் உயர்த்திக்கொள்ள அனுமதி கிடைத்தது. விலைக்கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லாத மருந்துகளை ஆண்டுக்கு 10 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ள விலைக்கட்டுப்பாட்டு ஆணையே இடம் தருகிறது. கணவரை இழந்த, சொந்த ஓய்வூதியம் இல்லாத பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினம்.

நாங்கள் வரவேற்பவை

நல்லது நடக்கவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 1995 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மொத்தமாக மருந்து வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு இலவசமாக அனுப்புவதில் நாட்டுக்கே வழிகாட்டியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலிநிவாரணச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் தருகிறது. 2025 பிப்ரவரியில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. 2024 அக்டோபரில் மத்திய அரசு, பிரதமரின் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் 70 வயது நிறைந்த எல்லோருக்கும் வருமானம் பாராமல் 5 லட்சம் ரூபாய் காப்பீட்டை அறிமுகப்படுத்தியது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. இவை அனைத்தையும் வரவேற்கிறோம். எங்கள் கோரிக்கைகள் இவற்றின் மீது எழுப்ப வேண்டியவை. இவற்றுக்கு மாற்று அல்ல.

எங்கள் கோரிக்கைகள்

1. புறநோயாளிச் செலவுக்கும் பாதுகாப்பு. பிரதமரின் காப்பீட்டுத் திட்டத்தில் வீடு திரும்பிய பிறகு 15 நாள் வரையிலான செலவுதான் அடங்கும். பதினாறாம் நாள் முதல் அவரவர் பாடு. புறநோயாளிச் சிகிச்சை அதில் சேராது. நாட்பட்ட நோயுள்ள ஒவ்வொரு முதியவருக்கும் ஓர் அடிப்படை மருந்துப் பட்டியலும், ஆண்டுக்கு இத்தனை பரிசோதனை என்ற அளவும் இலவச உரிமையாக வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி வரும் மருந்துகளின் பட்டியலை இதய நோய், தைராய்டு, ஆஸ்துமா, வலிப்பு, மறதி நோய், மனச்சோர்வு என விரிவாக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். அதற்கான ஆட்களும் வழியும் ஏற்கெனவே இருக்கின்றன.

2. வயது வரம்பு 60. சட்டத்தின்படி 60 வயதில் மூத்த குடிமகன். காப்பீட்டில் மட்டும் 70 வயது வரை காத்திருக்க வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய், அதாவது மாதம் 10,000. அதற்குச் சற்று மேலே இருப்பவர் ஏழையும் இல்லை, தனியார் பிரீமியம் கட்டும் வசதி படைத்தவரும் இல்லை. 60 முதல் 70 வயது வரை என்பது வருமானம் நின்றுபோய், நோய்கள் வரத் தொடங்கும் பத்தாண்டு. இந்த இடைவெளியை அரசுகள் அடைக்க வேண்டும்.

3. பிரீமியத்துக்கு உண்மையான கடிவாளம். முன் ஆலோசனையின்றி முதியோரின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டது நல்ல தொடக்கம். ஆனால் ஆண்டுதோறும் 10 சதவீதம் என்றால் எட்டு ஆண்டில் பிரீமியம் இரு மடங்குக்கு மேல் போய்விடும். எங்கள் வருமானம் அப்படிக் கூடுவதில்லை. உச்சவரம்பைப் பணவீக்கத்தோடு இணைக்க வேண்டும். ஜிஎஸ்டி நீங்கிய பலன் பாலிசிதாரருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை ஆணையம் கணக்குக் கேட்டு வெளியிட வேண்டும்.

4. சட்டத்தில் உள்ளதைச் செய்யுங்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-இன் 20-ஆம் பிரிவு, அரசு மருத்துவமனைகளில் முதியோருக்குத் தனி வரிசையும், ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் அனுபவமுள்ள மருத்துவரின் தலைமையில் முதியோர் சிகிச்சை வசதியும் வேண்டும் என்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978-இலேயே முதியோர் மருத்துவத் துறை தொடங்கியது. கிண்டியில் 2024-இல் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. ராமநாதபுரத்திலும் தருமபுரியிலும் இருப்பவர் அதற்காகச் சென்னைக்கு ரயில் ஏற முடியாது.

5. மருந்தின் மூலப்பெயர். மருத்துவர்கள் சீட்டில் மருந்தின் மூலப்பெயரைத் தெளிவான எழுத்தில் எழுத வேண்டும். இதைக் கட்டாயமாக்கிய தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி 2023 ஆகஸ்டில் வந்தது. வந்த மாதமே நிறுத்திவைக்கப்பட்டது. மலிவு மருந்துகளின் தரத்தைத் தொடர்ந்து சோதித்து முடிவுகளை வெளியிட்டால் மருத்துவர்களின் தயக்கமும் நீங்கும், எங்கள் தயக்கமும் நீங்கும்.

6. உதவித்தொகையை விலைவாசியோடு இணைக்க வேண்டும். மத்திய அரசின் 200 ரூபாயும், வைப்புநிதி ஓய்வூதியத்தின் 1,000 ரூபாயும் இன்றைய விலைக்கு ஏற்பத் திருத்தப்பட வேண்டும். அதன்பின் ஆண்டுதோறும் தானாக உயர வேண்டும்.

கடைசி நாட்கள் குறித்து

பேசத் தயங்கும் விஷயம் ஒன்று உண்டு. மீளும் வாய்ப்பில்லை என்று தெரிந்த பிறகும் தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள்கணக்கில் வென்டிலேட்டரில் வைத்திருக்கும்போது, வீட்டை அடகு வைத்த குடும்பங்களை எங்கள் உறுப்பினர்களிடையே பார்த்திருக்கிறோம். தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது. 2023-இல் நடைமுறையை எளிமையாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று போதும் என்றது. இந்த உரிமையை ஆதரிக்கிறோம். மருத்துவமனைகள் இதை நோயாளிக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். அதே வேளையில், வயதையோ செலவையோ காரணம் காட்டி, வேண்டும் என்பவருக்குச் சிகிச்சையை மறுக்க மருத்துவமனைக்கும் பிள்ளைகளுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் உரிமை இல்லை. முடிவு நோயாளியுடையது.

உறுப்பினர்களுக்கு

கோரிக்கை வைக்கும் நாங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. காசில்லை என்று மாத்திரையைக் குறைக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், அங்கே கிடைக்காவிட்டால் சங்கத்திடம் எழுதிக் கொடுங்கள். போடும் மருந்துகளை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்திருங்கள். அட்டையை வெட்டி வாங்க நேர்ந்தால் பெயரும் தேதியும் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டைப் புதுப்பிக்கும் நாளைத் தவறவிடாதீர்கள். உடம்புக்கு என்ன என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள்.

முதியோருக்குச் செய்வது சலுகை என்ற பேச்சை நாங்கள் ஏற்கவில்லை. நாற்பது ஆண்டு உழைத்தவர்கள், வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் வரி கட்டியவர்கள், இன்றும் கட்டுகிறவர்கள் நாங்கள். அடுத்த நிதிநிலை அறிக்கையில் முதியோரின் புறநோயாளிச் செலவுக்கென்று தனி ஒதுக்கீடு செய்யுமாறு மத்திய, மாநில அரசுகளைக் கேட்டுக்கொள்கிறோம். வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் இந்தக் கோரிக்கைப் பட்டியலைக் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்குமாறு உறுப்பினர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் வேண்டுகிறோம்.