கொட்டகையில் ஒரு ஹெரால்டு



சில மாதங்களாக நமக்கு வரும் கடிதங்களில் புதிதாக ஒரு கேள்வி தலைகாட்டுகிறது. "பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, சரிபண்ணி ஓட்டலாம் என்றிருக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?" எழுதுகிறவர்கள் கோடீஸ்வரர்கள் இல்லை. வளைகுடாவில் சில வருஷம் உழைத்துவிட்டு வேப்பந்தட்டைக்குத் திரும்பியவர், அரியலூர் சிமென்ட் ஆலையில் ஓய்வுபெறப் போகிறவர், செந்துறையில் கடை வைத்திருப்பவர் என்று நம்மைப் போன்றவர்கள்தான்.

ஆசை எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் கார் பந்தயம் நடந்தது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அன்று நம் பக்கத்து டீக்கடைகளில்கூட போர்ஷே என்ற பெயர் அடிபட்டது. ஆனால் இந்த ஆசை அதற்கும் முந்தியது. சைக்கிள் வாடகைக்கு எடுத்து ஓட்டிய வயதில், ஊருக்குள் எப்போதாவது வந்த டாக்டர் கார் ஒன்று பலருடைய மனதில் இன்னும் நிற்கிறதல்லவா?

சரி, ஸ்போர்ட்ஸ் காருக்கு எங்கே போவது? சுதந்திரத்துக்குப் பின் பல பத்தாண்டுகள் வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்கு இங்கே கதவு கிட்டத்தட்ட மூடியே கிடந்தது. அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு. இந்த மூன்றுக்குள்தான் நாடு கார் ஓட்டியது. சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓட்டியவர்களில் பலரும் கையில் கிடைத்த உள்ளூர் வண்டியைப் பிரித்து, குடைந்து, எடையைக் குறைத்துத்தான் ஓட்டினார்கள். ஆகவே எம்.ஜி., ட்ரையம்ப் என்று இன்டர்நெட்டில் பார்த்து ஏங்க வேண்டாம். அவை இங்கே மிகச் சொற்பம். இருப்பதன் விலையும் நமக்கு எட்டாது.

மூன்றில் மூன்றாவதைக் கவனியுங்கள். ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம்ம மதராஸ் கார். வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆலையில் 1961 முதல் தயாரானது. மிக்கெலாட்டி என்ற இத்தாலியர் வரைந்த உடல், 948 சி.சி. இன்ஜின். பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பாதி முழுவதும் முன்பக்கமாகக் கவிழும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். 25 அடிக்குள் திரும்பிவிடும். பெரம்பலூர் கடைவீதியில் யூ-டர்ன் அடிக்கிறவர்களுக்கு அதன் அருமை புரியும்.

இதில் ஸ்போர்ட்ஸ் எங்கே வந்தது? இங்கிலாந்தில் 1959-ல் ஹெரால்டை இறக்கிய அதே கம்பெனி, அதன் சேஸிஸைக் குட்டையாக்கி, இரண்டு சீட் போட்டு, 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது. வரைந்தவரும் அதே மிக்கெலாட்டி. கவிழும் பானெட், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், இன்ஜின் வம்சம் எல்லாம் ஒன்றே. எனவே உங்கள் சித்தப்பா வீட்டுக் கொட்டகையில் தார்பாய்க்கு அடியில் ஒரு ஹெரால்டு கிடந்தால், அது உலகம் கொண்டாடும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் உடன்பிறப்பு. இதில் ஒரு நடைமுறை லாபமும் உண்டு. ஸ்பிட்ஃபயர் பிரியர்களின் புண்ணியத்தால் இரண்டுக்கும் பொதுவான உதிரிபாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகத் தயாராகின்றன. ஆனால் நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. அதன் பின்கதவுக்கு வெளிநாட்டில் எங்கும் பாகம் கிடையாது. கதவு சிதைந்த வண்டி என்றால் யோசியுங்கள்.

இனி, வாங்கலாமா வேண்டாமா?

என் பதில் இது. முதலில் மெக்கானிக்கைத் தேடுங்கள், பிறகு காரைத் தேடுங்கள். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வண்டி லாரியில் ஏறி வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகுதான், "இதை யார் தொடுவார்கள்?" என்ற கேள்வி வருகிறது. இன்றைய ஒர்க்‌ஷாப் பையன்கள் கெட்டிக்காரர்கள்தான். லேப்டாப்பைச் சொருகி என்ன பழுது என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் சொருக இடமே இல்லாத வண்டியில்? காண்டாக்ட் பாயிண்டைத் தீட்டி இடைவெளி வைக்க, காதால் கேட்டு கார்புரேட்டரை டியூன் பண்ண, பட்டி அப்பாமல் தகரத்தைத் தட்டியே வளைவை மீட்க வேறு கை வேண்டும். அந்தக் கைகளுக்கு இன்று அறுபதைத் தாண்டிய வயது. பார்வை மங்கிக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் உதிரிபாகம் வரும். டிங்கரிங் மேஸ்திரி வரமாட்டார்.

இந்த விஷயத்தில் பெரம்பலூர், அரியலூர் என்ற நம் இரண்டு மாவட்டங்களும் பெருநகரத்தைவிடக் கொடுத்துவைத்தவை என்றே நினைக்கிறேன். சுண்ணாம்புக்கல் லாரிகளும் போர்வெல் வண்டிகளும் டிராக்டர்களும் ஓடுகிற ஊரில் லேத் பட்டறைக்கோ கேஸ் வெல்டிங்குக்கோ பஞ்சம் இல்லை. கிடைக்காத புஷ்ஷைக் கடைந்து கொடுக்க, லீஃப் ஸ்பிரிங்கைச் சூடேற்றி வளைக்க, சீட்டை மறுபடி தைக்க ஆள் இருக்கிறார்கள். ஒரு மணி நேரம் போனால் திருச்சி. அங்கே பொன்மலை ரயில்வே பணிமனையில் ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜினையே புதிதாகச் செய்து கொடுத்திருக்கிறார்கள். அங்கிருந்தும் பெல் ஆலையிலிருந்தும் ஓய்வுபெற்று நம் பக்கத்துக் கிராமங்களில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஃபிட்டர்களை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலையையே வைத்திருக்கிற மாவட்டத்துக்கு வண்டி விஷயம் அந்நியமா என்ன?

கை கிடைத்துவிட்டது என்றால் அடுத்தது காகிதம். நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்க்கிறோமே, அதே கவனம் இங்கேயும் வேண்டும். ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் இருக்கிறது? அவர் காலமாகிவிட்டால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்களா? சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா? காயலான் கடையில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் புத்தகமில்லாத வண்டியை உதிரிபாகத்துக்காக வேண்டுமானால் வாங்கலாம். அதை ரோட்டில் ஓட்டும் கனவு வேண்டாம்.

பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995-ல். அதற்கு முன் நாம் திருச்சி. டி.என். 46, டி.என். 61 எல்லாம் பின்னால் வந்தவை. ஆகவே இங்கே ஓடிய ஹெரால்டின் பதிவும் அநேகமாகத் திருச்சிப் பழைய பதிவேட்டில்தான் இருக்கும். பரிவாஹன் தளத்தில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். இல்லை என்றால் மனம் உடைய வேண்டாம், பழைய வண்டிகள் பல அதில் ஏறவே இல்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஏற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். அலைச்சல்தான். அந்த அலைச்சலை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அலைந்துவிடுங்கள்.

"ஐம்பது வருஷம் ஆன வண்டிக்கு விண்டேஜ் பதிவு இருக்கிறதாமே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிறது. 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைச் சாதாரணமாக ரோட்டில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க என்று மட்டும்தான் வெளியே எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டாரை ஏற்றிக்கொண்டு கங்கைகொண்ட சோழபுரம் போய்வர ஆசைப்படுகிறவருக்கு அது எதற்கு? அவர் வழக்கமான பதிவையே ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்து வைத்துக்கொள்வதுதான் நல்லது. இருபது வருஷத்தைத் தாண்டிய கார்களுக்கு அந்தக் கட்டணத்தை 2025-ல் 10,000 ரூபாயாக ஏற்றிவிட்டார்கள். பசுமை வரி தனி. வலிக்கத்தான் செய்கிறது. பதினைந்து வருஷம் ஆனாலே வண்டியை ஓட்டக்கூடாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். அந்தப் பேச்சு டெல்லி வட்டாரத்தை வைத்து வந்தது, நமக்கில்லை.

வண்டியைப் பார்க்கப் போகும்போது பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்கள். குனிந்து அடியில் பாருங்கள். இன்ஜினை ரீபோர் பண்ணிவிடலாம், பிஸ்டன் மாற்றிவிடலாம். சேஸிஸில் துரு ஏறி ஓட்டையாகிவிட்டதென்றால் செலவுக்கு முடிவே கிடையாது. ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ், அதன் மேல் உடலைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். கழற்ற வசதி. ஆனால் அந்தச் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் முதலில் அரிக்கும். கடற்கரை ஊர் வண்டியைவிட நம் வறண்ட மண்ணில் கிடந்த வண்டி எப்போதும் மேல்.

முன்சக்கர சஸ்பென்ஷனின் கீழ்ப்பக்கம் ட்ரன்னியன் என்று ஒரு பித்தளைத் துண்டு இருக்கிறது. அதற்கு கியர் ஆயில் விட வேண்டும். பழக்கதோஷத்தில் எல்லாவற்றுக்கும் கிரீஸ் அடிப்பதுபோல் இதற்கும் அடித்து அடித்து, தேய்ந்து, ஓடும்போது சக்கரமே மடங்கிய வண்டிகள் உண்டு. பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும் அமைப்பு. வளைவில் வேகமாகப் போய், பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். பின்னாளில் கேஸல் என்று வந்த காரில் கம்பெனியே இதை மாற்றி ஒரே அச்சாகப் போட்டுவிட்டது. ஆகவே இந்த ஸ்போர்ட்ஸ் காரை ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஓட்டாதீர்கள்! நான்குவழிச் சாலையில் ஆம்னி பஸ்ஸோடு போட்டி போட அதைச் செய்யவில்லை.

பெட்ரோல் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். இன்று பங்க்கில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ், பம்பின் டயாஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கட் எதுவும் அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. எத்தனால் தாங்கும் ரப்பரை வாங்கி மாற்றுங்கள். டேங்க்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேங்க விடாதீர்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-லேயே போய்விட்டது. அதனால் ஹெட் வேலை பார்க்கும்போது கடினமான வால்வு சீட் போட்டுவிடச் சொல்லுங்கள்.

பெரம்பலூர்க்காரர்களுக்கு மட்டும் ஒன்று: மக்காச்சோள மூட்டை அடுக்கிய கொட்டகையில் காரை நிறுத்தாதீர்கள். சோளத்துக்கு வரும் எலி ஒயரிங்கையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போகும். அரியலூர்க்காரர்களுக்கு: சிமென்ட் தூசி படிந்த வண்டியைக் காய்ந்த துணியால் துடைக்காதீர்கள், பெயிண்டில் கோடு கோடாக விழும். தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் கழுவுங்கள்.

கடைசியாக வீடு. கார் வாங்கும் முடிவைக் கொட்டகையில் எடுக்காமல் கூடத்தில் உட்கார்ந்து எடுங்கள். வாங்கும் விலை முதல் செலவுதான். பெரும்பாலும் அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு பின்னால் கரையும். முதலீடு, நாளைக்கு விலை ஏறும் என்றெல்லாம் வீட்டுக்காரம்மாவிடம் கணக்குக் காட்டாதீர்கள். அவருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நகையை அடகு வைத்தோ, மகள் கல்லூரிக்கென்று போட்ட சீட்டை எடுத்தோ வாங்கும் கார் ஓடினாலும் அதில் நிம்மதியாக உட்கார முடியாது. சினிமா, சிகரெட், கிளப் என்று எதற்கும் செலவழிக்காதவர், மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையை ஒதுக்கி, நான்கைந்து வருஷம் நிதானமாகச் செய்வாரானால் யாருக்கு என்ன ஆட்சேபம் இருக்கப்போகிறது? ஓய்வுபெற்ற மறுநாளே என்ன செய்வதென்று தெரியாமல் வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருக்கிற ஆண்பிள்ளைகளை நாம் பார்க்கவில்லையா? கொட்டகையில் ஒரு வேலை இருப்பது வீட்டுக்கே உபகாரம் என்று சில இல்லத்தரசிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஐ.டி.ஐ. படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பெண்பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. இன்ஜின் எப்படி ஓடுகிறது என்பதை மூடியைத் திறந்த உடனே கண்ணால் பார்க்க முடிகிற வண்டி இனி வரப்போவதில்லை. வாங்குவதற்கு முன் குடும்பத்தோடு ஒருமுறை கோவை போய், ஜி.டி. நாயுடு குடும்பத்தார் அவினாசி சாலையில் நடத்தும் கார் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். பழைய காரைச் சரியாகப் புதுப்பித்தால் எப்படி இருக்கும் என்று அங்கே தெரியும். சில பேருக்கு அதைப் பார்த்ததிலேயே ஆசை தீர்ந்தும்விடும். அதுவும் லாபம்தானே?

உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். இரண்டு மாவட்டங்களிலும் ஹெரால்டு, பழைய ஃபியட், அம்பாசடர் வேலை தெரிந்த மேஸ்திரிகள், லேத் ஆசாரிகள், சீட் தைக்கிறவர்கள் யாரையேனும் உங்களுக்குத் தெரிந்தால், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, ஊரையும் பட்டறையையும் நமக்கு எழுதுங்கள். வந்தவற்றைத் தொகுத்து இரண்டு இதழ் கழித்து வெளியிடுகிறோம். கார் வைத்திருப்பவர்கள் படம் அனுப்பினால் பானெட்டைத் திறந்து வைத்து எடுத்து அனுப்புங்கள். மூடி வைத்த படம் நிறைய வந்துவிட்டது.

அன்புடன்,
ஆசிரியர்